வலி வருவதற்கு முன்பே வலி மாத்திரை எதற்கு?

கேள்வி இது: அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரையும் பிபியும் உண்டு, அடுத்த மாதம் வலது முழங்கால் மாற்று ஆபரேஷன். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரியே வலி மாத்திரையை ஆரம்பித்துவிடுவோம் என்கிறார்கள். வலியே வராதபோது மாத்திரை எதற்கு, கிட்னியைக் கெடுத்துவிடாதா, வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்கூட்டியே ஆரம்பிப்பது இன்று பரவலாக இருக்கும் வழக்கம், அதற்குத் தகுந்த காரணமும் இருக்கிறது. ஆனால் கிட்னியைப் பற்றிய உங்கள் பயமும் வீண் பயம் இல்லை. எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை அம்மாவின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வருகிற எல்லோருக்கும் ஒரே அச்சடித்த மருந்துத் தாள்தான் என்றால், அங்கேதான் நீங்கள் வாயைத் திறந்து கேட்க வேண்டும். நான் மயக்க மருந்து டாக்டர். மூட்டு மாற்று ஆபரேஷன் நோயாளிகளை நிறையப் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உடம்புக்குள் நடப்பது. முழங்கால் மாற்று ஆபரேஷனில் தொடை எலும்பின் கீழ் முனையையும் கால் எலும்பின் மேல் முனையையும் அறுத்துச் சீராக்கி, அதன்மேல் உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்துகிறார்கள். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துதான் இதைச் செய்வோம். அம்மா விழித்தபடிகூட இருக்கலாம், வலி தெரியாது. ஆனால் கத்தி பட்ட இடத்தில் உடம்பு தன் வேலையை உடனே தொடங்கிவிடும். அறுபட்ட திசுக்களில் புராஸ்டகிளாண்டின் என்ற ரசாயனம் ஊற ஆரம்பிக்கும். வீக்கம், சூடு, தொட்டாலே சுரீர் என்பது எல்லாம் அதன் கைங்கரியம். முதுகு ஊசி இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் தெளிந்துவிடும். தெளிகிற நேரத்தில் அந்த ரசாயனம் ஏற்கெனவே கணிசமாகச் சேர்ந்திருக்கும்.

வலி மாத்திரை விழுங்கியதும் வேலை செய்யாது. வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் ஏறி, புராஸ்டகிளாண்டின் உற்பத்தியைக் குறைக்க ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். ஆபரேஷன் முடிந்த நோயாளிக்குக் குமட்டல் இருந்தால் மாத்திரையே உள்ளே தங்காது. அதனால்தான் மரப்பு தெளியும் முன்பே ரத்தத்தில் மருந்து இருக்க வேண்டும் என்கிறோம். முன்கூட்டிக் கொடுப்பதற்கு நான் சொல்லக்கூடிய முதல் காரணம் இவ்வளவுதான், மிகச் சாதாரணமானது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் சொல்லப்பட்டது. அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல், மயக்கத்தில் இருந்தாலும் கத்தியின் அதிர்ச்சி நரம்பு வழியாக மேலே போகிறது, அதை முன்பே தடுக்க வேண்டும் என்று 1913 வாக்கிலேயே எழுதினார். 1983-ல் லண்டனில் கிளிஃபோர்டு உல்ஃப் எலிகளை வைத்து ஒன்றைக் காட்டினார். காயம் பட்ட பிறகு தண்டுவடமே மாறிவிடுகிறது, ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டி வைத்தது போல; அப்புறம் லேசான தொடுதல்கூட வலியாகக் கேட்கிறது. 1988-ல் வலி ஆராய்ச்சியாளர் பேட்ரிக் வால், அப்படியென்றால் சத்தம் கூடும் முன்பே மருந்தைக் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்டார். மயக்கவியல் உலகம் இதைப் பிடித்துக்கொண்டது. கத்தி வைப்பதற்கு முன் கொடுத்த ஒரு வேளை மருந்து, பின்னால் கொடுக்கும் பல வேளைக்குச் சமம் என்ற நம்பிக்கை பரவியது.

நோயாளிகளிடம் சோதித்தபோது அந்த நம்பிக்கை அவ்வளவாக நிற்கவில்லை. ஒரே மருந்தை ஒரு குழுவுக்குக் கத்தி வைப்பதற்கு முன்பும் இன்னொரு குழுவுக்குப் பின்பும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வுகளை டென்மார்க்கைச் சேர்ந்த மோய்னிக்கே, கெலெட், டால் மூவரும் 2002-ல் தொகுத்தார்கள். நேரத்தை மட்டும் மாற்றுவதால் பெரிய லாபம் தெரியவில்லை என்பதே முடிவு. பின்னால் வந்த சில தொகுப்புகள் கொஞ்சம் சாதகமாகவும் சொல்லியிருக்கின்றன. என் கணிப்பில், முந்தின ராத்திரி போட்ட ஒரு மாத்திரைக்கு மந்திர சக்தி எதுவும் இல்லை. முன்பே ஆரம்பித்து, ஆபரேஷன் நேரத்திலும் தொடர்ந்து, பின்னாலும் நேரம் தவறாமல் கொடுப்பதில்தான் பலன் இருக்கிறது.

இதற்கு முழங்காலிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2003-ல் சிகாகோவில் அசோக்குமார் புவனேந்திரன் தலைமையிலான குழு 70 முழங்கால் மாற்று நோயாளிகளை எடுத்துக்கொண்டது. பாதிப் பேருக்கு ரோஃபெகாக்சிப் என்ற மாத்திரையை முந்தின நாளே தொடங்கி, ஆபரேஷனுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பும் கொடுத்து, அப்புறம் 13 நாள் தொடர்ந்தார்கள். மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. மருந்து எடுத்தவர்களுக்கு வலியும் வாந்தியும் குறைந்தன, தூக்கம் கெடவில்லை, ஒரு மாதம் கழித்தும் முழங்கால் கூடுதலாக மடங்கியது. பலரும் இதைப் பார்த்து “பார்த்தீர்களா, முன்னாடியே கொடுத்தால் எவ்வளவு பலன்” என்றார்கள். ஆனால் அந்த ஆய்வு முன்னும் பின்னும் சேர்த்துக் கொடுத்ததைத்தான் சோதித்தது. பலன் எந்த வேளையால் வந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இன்னொரு விஷயம், அந்த ரோஃபெகாக்சிப்பையே மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று 2004 செப்டம்பரில் உலகச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதே குடும்பத்து மாத்திரைகளான செலிகாக்சிபும் எட்டோரிகாக்சிபும்தான் இன்று நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இந்த இடத்தில் அதிகம் இருக்கின்றன. உங்கள் கிட்னி கேள்வி இங்கேதான் வருகிறது.

சரி, இன்றைய தாளில் பொதுவாக என்னென்ன இருக்கும்? ஒரு பெரிய மருந்தை நம்பாமல், நாலைந்து மருந்துகளைச் சின்ன அளவில் சேர்த்து, ஒவ்வொன்றும் வலியின் பாதையில் வேறொரு இடத்தில் மறிக்கும்படி அமைப்பதுதான் இப்போதைய முறை. 2000-ல் வாஜ்பாயியின் முழங்காலை மும்பை பிரீச் கேண்டி ஆஸ்பத்திரியில் மாற்றினாரே சித்தரஞ்சன் ராணாவத், நியூயார்க்கில் இருந்த அவருடைய குழுவும் இந்தக் கூட்டு முறையை அழுத்திச் சொன்ன குழுக்களில் ஒன்று. நம் வீடுகளில் “முட்டி மாத்துற ஆபரேஷன்” என்ற பேச்சே அந்த ஆபரேஷன் செய்திக்குப் பிறகுதான் பரவலாகக் கேட்க ஆரம்பித்தது என்பது என் ஞாபகம்.

ஐரோப்பிய நிபுணர்களின் புராஸ்பெக்ட் குழு முழங்கால் மாற்றுக்கான பரிந்துரையை 2022-ல் புதுப்பித்தது. பாரசிட்டமால், அதோடு செலிகாக்சிப் வகையோ, அசிக்ளோஃபெனாக் போன்ற சாதாரண வலி மாத்திரையோ ஒன்று. இவை ஆபரேஷனுக்கு முன்போ நடுவிலோ தொடங்கிப் பின்னும் தொடர வேண்டும். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி ஒரு தடவை. தொடையின் உள்பக்கம் ஸ்கேன் பார்த்துப் போடும் நரம்பு பிளாக், கூடவே சர்ஜன் மூட்டைச் சுற்றி நேரடியாகச் செலுத்தும் மரப்பு மருந்து. டிரமடால், மார்ஃபின் போன்ற கடுமையான வலி மருந்துகள், இத்தனைக்கும் அடங்காத வலிக்கு மட்டும். இந்தப் பட்டியலில் பெரும்பங்கு பாரசிட்டமாலுக்குத்தான் என்றால் நம்ப மாட்டீர்கள். காய்ச்சல் மாத்திரைதானே என்று அதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று ஒழுங்காகப் போனால் அது மற்ற மருந்துகளின் தேவையைக் குறைக்கும். 50 கிலோவுக்கு மேல் எடையும் நல்ல ஈரலும் இருந்தால் ஒரு வேளைக்கு 1 கிராம், ஒரு நாளுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. மெலிந்த உடம்புக்கு இதைவிடக் குறைவு.

நரம்பு பிளாக் என்றால் எந்த இடத்தில் என்று கேளுங்கள். முன்பெல்லாம் இடுப்பு மடிப்பில் தொடை நரம்பையே மரக்கச் செய்வார்கள்; வலி நன்றாக அடங்கும், ஆனால் தொடைத் தசையும் சேர்ந்து தளரும், எழுந்து நிற்கும்போது கால் மடங்கி விழுந்தவர்கள் உண்டு. தொடையின் உள்பக்கம் கீழே போடும் பிளாக்கில் தசையின் வலு பெரும்பாலும் அப்படியே இருக்கும், அன்றைக்கோ மறுநாளோ வாக்கர் பிடித்து நடக்கலாம்.

நான் கறாராக இருக்கும் ஒரு மருந்து, நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபாலின், அதன் அண்ணன் கேபாபென்டின். முந்தின ராத்திரி மாத்திரைகளில் இதுவும் ஒன்றாக வைக்கப்படுவது நம் பக்கம் சகஜம். 2010-ல் வந்த ஒரு ஆய்வு, முழங்கால் மாற்றுக்குப் பின் நாள்பட்ட நரம்பு வலியை பிரிகாபாலின் குறைக்கிறது என்று காட்டியதால் எல்லோரும் அதைச் சேர்த்தார்கள். அதே ஆய்வில் முதல் நாளில் அதிக மயக்கமும் குழப்பமும் பதிவாகியிருந்தன. 2020-ல் 281 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எல்லா வகை ஆபரேஷன்களையும் சேர்த்து, நோயாளி உணரும் அளவுக்கு வலி குறையவில்லை, தலைசுற்றல் கூடியது என்று வந்தது. மூச்சு மந்தமாகும் ஆபத்து பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-ல் எச்சரித்தது. முதியவர்களையும் நுரையீரல் நோயாளிகளையும் குறிப்பாகச் சொன்னது. 68 வயது அம்மா ராத்திரி பாத்ரூம் போக எழும்போது தலைசுற்றி விழுந்தால் புது மூட்டின் கதி என்ன? “பிரிகாபாலின் அம்மாவுக்கு அவசியமா?” என்று தாராளமாகக் கேளுங்கள். ஏற்கெனவே நரம்பு எரிச்சலுக்காக அதை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் மட்டும் தாங்களாக நிறுத்தக் கூடாது.

இப்போது கிட்னி. புராஸ்டகிளாண்டினுக்கு வீக்கம் உண்டாக்குவது மட்டும் வேலை இல்லை. ரத்த ஓட்டம் குறையும் நேரத்தில் கிட்னிக்குப் போகும் ரத்தக் குழாயைத் திறந்து வைப்பதும் அதுதான். செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை அந்தக் காவலை எடுத்துவிடுகிறது. பிபிக்கு டெல்மிசார்டன் போன்ற மாத்திரை எடுத்தால் கிட்னியின் இன்னொரு காவலும் போகிறது. அதோடு சிறுநீர் மாத்திரையும் சேர்ந்திருந்தால் உடம்பில் நீரும் குறைகிறது. பட்டினி, ஆபரேஷனில் ரத்த இழப்பு, முதுகு ஊசியால் பிபி இறங்குவது என்று எல்லாம் ஒரே நாளில் கூடும்போது கிட்னி திணறும். நம் ஊரில் டெல்மிசார்டனும் சிறுநீர் மருந்தும் ஒரே மாத்திரையில் கலந்தே வருகின்றன, பெயருக்குப் பின்னால் எச் என்ற எழுத்தோடு. அம்மாவின் பிபி மாத்திரை அட்டையை எடுத்து அந்த எச் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

கிரியாட்டினின் அளவை மட்டும் பார்த்து நார்மல் என்று இருந்துவிட வேண்டாம். மெலிந்த வயதான பெண்களுக்கு 1.1 இருந்தாலே கிட்னி பாதி வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். லேப் ரிப்போர்ட்டில் ஈஜிஎஃப்ஆர் என்று இருக்கும் எண்ணைப் பாருங்கள், கிட்னி எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்று அதுதான் காட்டும். 60-க்கு மேல் என்றால் சில நாள் மாத்திரையைப் பெரும்பாலும் தாங்கும். 30-க்கும் 60-க்கும் நடுவே என்றால் நான் அளவையும் நாளையும் சுருக்குவேன், மேலே சொன்ன பிபி மாத்திரைக் கூட்டு இருந்தால் அந்த வகையையே விட்டுவிடுவேன். 30-க்குக் கீழே கொடுப்பதில்லை. அதை விட்டால் வழியே இல்லை என்று நினைக்காதீர்கள். பாரசிட்டமால், நரம்பு பிளாக், மூட்டைச் சுற்றிப் போடும் ஊசி, ஐஸ், தேவைப்பட்டால் குறைந்த அளவில் டிரமடால் வகை என்று ஓட்டிவிடலாம். மாரடைப்பு, ஸ்டென்ட், பக்கவாதம், வயிற்றுப் புண், வலி மாத்திரை போட்டு மூச்சிரைப்பு வந்தது, சல்ஃபா மருந்து அலர்ஜி, இதில் எது இருந்தாலும் மயக்க மருந்து டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிபி கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு எட்டோரிகாக்சிப் கொடுக்கவே கூடாது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த டெக்சாமெத்தசோன் ஊசி அன்றைக்கும் மறுநாளும் சர்க்கரையை ஏற்றும். 485 பேரை வைத்து டென்மார்க்கில் செய்து 2022-ல் வெளிவந்த முழங்கால் ஆய்வில் அந்த ஊசி மார்ஃபின் தேவையைக் குறைத்தது, அதனால் அதைச் சும்மா தள்ளிவிடவும் மனம் வராது. அம்மாவின் மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு (எச்பிஏ1சி) நன்றாக இருந்தால் ஊசி போட்டுவிட்டு இன்சுலினால் சரிசெய்வோம். 9, 10 என்று இருந்தால் ஊசி போடுவதா என்பது இருக்கட்டும், ஆபரேஷனையே தள்ளிப்போடச் சொல்வேன்.

மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கப் போகும்போது, வீட்டில் இருக்கும் மாத்திரைகளை ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு தடவை ஒரு பாட்டியின் பையைக் கவிழ்த்தபோது மேஜையில் ஜீரோடால்-பி அட்டை ஒன்று, அல்ட்ராசெட் பாதி அட்டை, டோலோ 650 இரண்டு அட்டை, காகிதத்தில் மடித்த பழுப்புப் பொடி. “எல்லாம் முட்டிக்குத்தான் சாமி, எது கையில கிடைக்குதோ அதப் போட்டுக்குவேன்” என்றார். அந்த மூன்று மாத்திரையிலும் பாரசிட்டமால் இருக்கிறது. ஜீரோடாலில் அசிக்ளோஃபெனாக்கும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் எட்டோரிகாக்சிபும் சேர்ந்தால் ஒரே வேலை செய்யும் இரண்டு மருந்துகள், கிட்னிக்கும் வயிற்றுக்கும் இரட்டை அடி. பெயரில்லாத மூட்டுவலிப் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. மாதக்கணக்கில் அதைச் சாப்பிட்டவருக்கு ஆபரேஷன் மேஜையில் பிபி விழலாம். அதனால் வெட்கப்படாமல் அதையும் காட்டுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். நாள்பட டிரமடால் எடுப்பவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் வலி அதிகமாக இருக்கும்; முடிந்தால் டாக்டர் சொல்படி சில வாரம் முன்பே அதைக் குறைத்துக்கொண்டு வருவது நல்லது.

ஆபரேஷன் அன்று காலையில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சிஸ்டர் ஆறு மணிக்கு மாத்திரையை நீட்டினால் அம்மா வாயைத் திறக்க மாட்டார். ஒரு வாய்த் தண்ணீரில் மாத்திரை விழுங்குவதில் தவறே இல்லை. தெளிந்த நீரை ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம் என்பதுதான் பல நாடுகளின் விதி. காப்பியில் பால் இருப்பதால் அது ஆகாது. டெல்மிசார்டனை அன்று காலை நிறுத்தச் சொல்வோம், அம்லோடிபின் என்ற பிபி மாத்திரை இருந்தால் அதைத் தொடரச் சொல்வோம். எதை நிறுத்த, எதைத் தொடர என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் முதல் ராத்திரி. இதை யாரும் வீட்டுக்காரர்களுக்குச் சரியாகச் சொல்வதில்லை. ஆபரேஷன் அன்று சாயங்காலம் அம்மா சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார், “வலியே இல்லடா” என்பார், உறவுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பிளாக்கும் மூட்டு ஊசியும் வேலை செய்வதால் அப்படி. ராத்திரி ஒன்பது மணி மாத்திரையை “இப்ப எதுக்கு, நல்லாத்தானே இருக்கேன்” என்று தலையணைக்கு அடியில் வைத்துவிடுவார். நடுராத்திரி தாண்டி மருந்து தெளியும்போது வலி சட்டென்று முழு வேகத்தில் வரும். அந்த நேரத்தில் டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, ஊசி எழுதி வாங்கி, அது வேலை செய்வதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். அவ்வளவு ஏறிய வலியை இறக்க மருந்தும் அதிகம் தேவைப்படும், அதிகம் கொடுத்தால் காலையில் வாந்தி, பிசியோ வந்து நிற்கும்போது எழ முடியாது. அதனால் வலி இல்லாத நேரத்திலும் அந்த ஒன்பது மணி மாத்திரை உள்ளே போக வேண்டும். முந்தின நாள் மாத்திரையைவிட இதை நான் முக்கியமாகச் சொல்வேன். அன்று ராத்திரி கூட இருப்பவர் யாரோ அவரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள்தான் கடுமை. வலி பூஜ்யம் ஆகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். படுத்திருக்கும்போது தூங்க முடிய வேண்டும், முழங்காலை மடக்கும்போது பல்லைக் கடித்தாவது பயிற்சியை முடிக்க முடிய வேண்டும், அதுதான் இலக்கு. பிசியோ வரும் நேரத்தைத் தெரிந்துகொண்டு முக்கால் மணி முன்பே அந்த வேளை மாத்திரையைக் கொடுத்துவிடலாம். பயிற்சி முடிந்ததும் துண்டில் சுற்றிய ஐஸ் 15, 20 நிமிடம். டிரமடால் எடுத்தால் மலச்சிக்கல் நிச்சயம் என்றே வைத்துக்கொண்டு முதல் நாளிலிருந்தே அதற்கும் மருந்து கேளுங்கள். மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர் என்றால் டிரமடாலுக்கு முன் அதைச் சொல்ல வேண்டும்.

இவ்வளவு செய்தும் முழங்கால் மாற்றியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மாதங்கள் கழித்தும் தொந்தரவான வலி இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. முன்பே கொடுக்கும் மாத்திரை அதைத் தடுத்துவிடும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் குறைக்கும் வரிசை: முதலில் டிரமடால் வகை, அடுத்து எட்டோரிகாக்சிப் அல்லது செலிகாக்சிப், கடைசியாகப் பாரசிட்டமால். எட்டோரிகாக்சிப் 120 எழுதியிருந்தால் அது எட்டு நாளுக்கு மேல் போகக் கூடாது. மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி இன்னொரு அட்டை வாங்குவது நம்மிடம் சுலபம், அதுதான் ஆபத்து. சிறுநீர் குறைந்தாலோ, இரண்டு பாதமும் வீங்கினாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ வலி மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே போன் செய்யுங்கள். கெண்டைக்கால் கல் மாதிரி இறுகி வீங்கினாலோ, காயத்திலிருந்து நீர் கசிந்தாலோ, குறைந்துகொண்டு வந்த வலி காய்ச்சலோடு மறுபடி ஏறினாலோ, மாத்திரையைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்காமல் சர்ஜனிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். திடீரென்று மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தால் சர்ஜனுக்கும் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.